மந்தையில ஆடு தின்ன துரும்பு

ஏண்டி, ஒனக்கு வேற சோலி இல்லையா? அடுப்புல ஒல கொதிக்குது, அதப் போய்ப் பாரு. வாக்கப்பட்டு வந்து மஞ்சக்கயிறு ஈரம் காயல, அதுக்குள்ள இந்த வீட்டுப் பழங்குப்பையக் கிண்டிப் பாக்கணுமாக்கும். எவ சொன்னா ஒனக்கு, ஒம் புருசனோட அப்பத்தா மந்தையில துரும்பப் புடுங்கி ஆட்டுக்குக் குடுத்தவன்னு? அந்தக் கோடி வீட்டுக்காரியா? அவ மாமியா அன்னிக்கு ஊர் கூடுன மந்தையில வாயப் பொளந்துக்கிட்டு நின்னவ. ஈ போனது கூடத் தெரியாம நின்னவ. அவ வீட்டு வழியா வந்த பேச்சு கோணலாத்தான் வரும். நான் குடுக்கல. ஆடாத் தின்னுச்சு. மொதல்ல அதத் திருத்திக்க.

கேக்குறதுன்னா முழுசாக் கேளு. நடுவுல "ஐயோ பாவம்"னு உச்சுக் கொட்டுனேன்னா எந்திரிச்சுப் போயிருவேன். இதுல பாவப்பட்டவ எவளும் இல்ல. எல்லாரும் சேந்து நல்லாத்தான் சண்ட போட்டோம்.

நான் ரெண்டாந்தாரம். எனக்குப் பொறந்த ஊரு மயிலாடும்பாறை. அங்கன வானம் பேஞ்சாச் சோளம், பேயாட்டி வெறும் வானம். இங்கன பள்ளத்தாக்குல ஆத்துத் தண்ணி, நெல்லுச்சோறு. மக நெல்லுச்சோறு திங்கட்டும்னு எங்காத்தா என்னைய ரெண்டாந்தாரத்துக்குக் குடுத்துட்டா. பொண்ணு பாக்க மாப்பிள்ள வரல. மூத்தவ வந்தா.

அது எங்க சனத்துப் பழக்கம். மூத்தவ உசுரோட இருக்கையில எளையவளக் கொண்டாரணும்னா, மூத்தவ தங் கையால வெத்தல பாக்கு வைக்கணும். அவ வைக்காம எவன் தாலி கட்டுனாலும் அது கல்யாணமில்ல, தொடுப்பு. மூத்தவளுக்குப் புள்ள தங்கல. தங்காம தங்காம வயிறு ஓஞ்சு போயி, அவளே கெளம்பி வெத்தல கட்டிக்கிட்டு வந்துட்டா. வந்தவ என்னய ஒக்கார வச்சுப் பல்லப் பாத்தா, இடுப்பத் தட்டிப் பாத்தா. சந்தையில கெடேரி பாக்குறவ மாதிரி. பாத்துட்டு எங்காத்தாகிட்ட, புள்ளைக்குத்தான் கொண்டு போறேன், பூ வச்சு மினுக்குறதுக்கு இல்லன்னு சொன்னா.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. "அப்ப பூவ நீங்க வச்சுக்கங்கக்கா, புள்ளய நான் பெத்துக்கிறேன்"னேன். எங்காத்தா ஒரு அறை விட்டா. மூத்தவ அறையல, ஒரு பார்வ பாத்தா. எங்க சண்டைக்கு அன்னிக்குத்தான் முகூர்த்தக்கால் நட்டது.

வீடு ஒண்ணு, அடுப்பு ரெண்டு. நெல்லுக் குலுக்கையோட சாவி அவ இடுப்புல. ஒவ்வொரு பொழுதுக்கும் நான் போயிக் கை நீட்டணும், அவ அளந்து போடணும். நான் கேக்காம நானே எடுத்துக்கிருவேன், அவ வந்து தலமுடியப் புடிப்பா. எங் கொழம்புல உப்பு ரெண்டு வட்டம் விழும், அவ தண்ணிக்குடத்துல தவள குதிக்கும். எனக்கு ஒரு ஆணும் ஒரு பொண்ணும் பொறந்துச்சு. பெத்தது நானு, தூக்கி வச்சுக்கிட்டது அவ. பால் குடிக்க மட்டும் கொண்டாந்து எம் மடியில எறிவா, குடிச்ச ஒடனே தூக்கிட்டுப் போயிருவா. மாட்டுக்கிட்ட கன்ன விட்டுப் புடிப்பாகள்ல, அப்படி.

அவுக, அதான் ஒம் புருசனோட தாத்தா, வண்டி வச்சிருந்தாக. குமுளி மலையில இருந்து ஏலக்கா மூட எறங்கும். அத ஏத்திக்கிட்டுத் தேனிக்குப் போவாக, அங்கன ரயிலுக்கு எறக்கிட்டு வருவாக. எங்க ரெண்டு பேரு சத்தம் தாங்காமத்தான் வண்டி ஓட்டுறதா ஊருல பேச்சு.

ஒருவாட்டி மலைக்காச்சல் வந்து படுத்துட்டாக. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. மூத்தவ வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு வேண்டிக்கிட்டா. நான் சும்மா இருப்பேனா, உத்தமபாளையத்துப் பள்ளிவாசலுக்குப் போயி ஓதின கயிறு வாங்கியாந்து கட்டுனேன். அப்பத்தான் ஏசு சாமியப் பத்திப் பேசுற வேதக்கார உபதேசியாரு வந்தாரு. மதுரப் பக்கம் படிச்சிட்டு வந்தவரு. ஊருக்கு மேக்க ஒரு கூரக் கொட்டக போட்டு, நாலு குடும்பத்தச் சேத்து ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாடுவாரு. கக்கத்துல எந்நேரமும் கொட. அவரு கொயினா மருந்து குடுத்து, மண்ணுல முட்டி போட்டுக் கண்ணீர் விட்டு வேண்டுனாரு.

காச்சல் எறங்குச்சு. மூத்தவ எந் தீச்சட்டின்னா. நான் எங் கயிறுன்னேன். அவுக சொன்னாக, கண்ண முழிச்சப்ப எனக்காக அழுதுக்கிட்டு இருந்தது அந்த மனுசன்தான், அந்த மனுசன் யாரப் பாத்து அழுதாரோ அவருதான் எனக்குச் சாமின்னு. ஒரே சொல்லு. வண்டி மாடு மாதிரி, திரும்புனாத் திரும்புனதுதான்.

கொட்டகைக்குப் போக ஆரம்பிச்சாக. நாங்களும் பின்னால போனோம், எவ முன்னால போறதுன்னு வழி நெடுகச் சண்ட போட்டுக்கிட்டே. அங்கன உபதேசியாரு சொன்னாரு, இந்தச் சாமி எரிச்சக்காரச் சாமி, பங்குக்கு இன்னொரு சாமி இருந்தா ஒத்துக்கிறாதுன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கோம்ப நாய் மாதிரியாங்கய்யான்னு கேட்டேன். கோம்ப நாயி ஒரு கையில சோறு தின்னுச்சுன்னா இன்னொரு கைச் சோத்த மோந்து பாக்காது, எசமானத் தொடவும் இன்னொருத்தன விடாது. நான் பெருமையாத்தான் சொன்னேன். உபதேசியாருக்கு மூக்கு செவந்துருச்சு. சாமிய நாயிங்குறாளேன்னு என்னைய வெளிய போகச் சொன்னாரு. மூத்தவளுக்கு அன்னிக்கு முழுக்கச் சந்தோசம்.

கொஞ்ச நாள் கழிச்சு அவுக, எனக்குத் தண்ணி குடுங்க, ஞானஸ்நானம் குடுங்கன்னு போயிக் கேட்டாக. அப்பத்தான் குண்டத் தூக்கிப் போட்டாரு. ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்குத் தண்ணி கிடையாது. ஒருத்தியத் தீத்துவிட்டுட்டு வா.

எந்த ஒருத்தி? அதுக்குத்தான் பிரசங்கம் வச்சாரு. யூதர்னு ஒரு சனமாம். சாமி மொதமொத அவுகளத்தான் சேத்துக்கிட்டாராம், பேசி முடிச்சுக் கட்டுன மூத்தவ மாதிரி. அவ காய்க்கல. பெத்த மகனையே அனுப்புனாரு, அவனையும் கொன்னு போட்டாக. அதனால அவளத் தள்ளிட்டு, புறசாதியா இருந்த நம்மள எளையவளாக் கொண்டாந்து வச்சிருக்காரு. சாமியே காய்க்காதவளத் தள்ளினப்ப நீ தள்ளுறதுல தப்பில்லப்பான்னு முடிச்சாரு. அவருக்கும் கணக்கு இருந்துச்சு. எங்கூட ரெண்டு புள்ள வரும், சபையில தல கூடும். அவகூட வர்றதுக்கு யாரு இருக்கா?

நான் அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வரல, மெதந்து வந்தேன். குலுக்கைச் சாவி எந்த இடுப்புல நல்லாருக்கும்னு தடவிக்கிட்டே வந்தேன்.

மூத்தவளுக்குப் போக்கெடம் கிடையாது, தெரிஞ்சுக்க. ஆத்தா அப்பன் காச்சல்ல போயிட்டாக. கூடப் பொறந்தவன் கண்டிக்குத் தேயிலத் தோட்டத்துக்குக் கப்பலேறினவன், செத்தானா இருக்கானான்னு சேதி இல்ல. தீத்துவிட்டா அவ சத்திரத்துல படுத்துக் களையெடுத்துத்தான் கஞ்சி குடிக்கணும். அது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். அன்னிக்குக் கொட்டகையில இருந்து வந்தவ ஒண்ணும் பேசல. நான் வேணும்னே அவ தண்ணிக்குடத்துக் கிட்ட எச்சித் தட்டக் கழுவுனேன். பேசல. வெஞ்சனத்துல மொளகாய அள்ளிக் கொட்டிப் புள்ளைக்கு வச்சேன். எடுத்துக் கழுவி ஊட்டுனா, பேசல. அவ திட்டுறத நிறுத்துனதுதான் எனக்குச் சரியாப் படல. கொரைக்கிற நாய் வாய மூடுனா வீட்டுல என்னமோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம்.

இந்த நேரம் பாத்துத்தான் அந்தக் கொச்சிக்காரன் வந்து எறங்குனான். ஏலக்கா வாங்குறவன். மலையில மூட புடிச்சு எங்க வண்டியில ஏத்திக்கிட்டு வந்தவன். வெள்ளத் தொப்பி, தாடி, பாதித் தமிழு பாதி மலையாளம். வந்தது வெள்ளிக்கிழம சாயங்காலம். பொழுது எறங்குனதும் வண்டிய நிப்பாட்டிட்டான். சனிக்கிழம முழுக்க வண்டி நகரக் கூடாதாம், எங்க வீட்டுத் தொழுவத்து நெழல்ல வெளுத்த சட்டைய மாட்டிக்கிட்டு ஒக்காந்து ஏதோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கான். மாடு ரெண்டும் சும்மா நின்னு தின்னுது. நீ எந்தச் சாதிய்யான்னு கேட்டேன். யூதன்னான்.

எனக்குக் கையில இருந்த சொளகு விழுந்துருச்சு. யூதர்னா உபதேசியாரு கதையில எப்பவோ செத்துப் போன சனம்னுல்ல நெனச்சிருந்தேன். ஒருத்தன் எங்க தொழுவத்துல ஒக்காந்து கால் சொறியுறான். தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. சாமி தள்ளிவிட்ட தழும்பு எங்கயாச்சும் இருக்குமான்னு ஒருத்தி அவன் பொடனிய எட்டிப் பாத்தா.

அதுலயும் இவன் ஒரு தினுசு. ஏசு சாமியத்தான் தங்களோட மேசியாங்குறான். எங்க சனம் காத்திருந்தது இவருக்குத்தான், வந்தப்பத் தெரியாமப் போச்சுங்குறான். அதுக்காக நான் யூதன் இல்லன்னு ஆயிருவேனாங்குறான். இதச் சொன்னதுக்கு அவன் ஆத்தா, மகன் செத்துட்டான்னு தரையில ஒக்காந்து தலைய விரிச்சுப் போட்டு அழுது கருமாதி முடிச்சுட்டாளாம். மகன் வாசல்ல நிக்கிறான், உள்ள அவனுக்கே ஒப்பாரி. அங்கன அப்படி. இங்கன வந்தா வேதக்காரக, சாமியக் கொன்னவன் வம்சம்னு தள்ளி ஒக்காரச் சொல்றாக. சனிக்கிழமயும் வேல செய்யல, ஞாயித்துக்கிழமயும் கொட்டகைக்கு வந்துட்டான். ரெண்டு பக்கமும் சேக்கலன்னாலும் ரெண்டு பக்கத்து லீவையும் விடமாட்டேங்குறியேய்யான்னு கேட்டேன். சிரிக்கிறான். திட்டுனாச் சிரிக்கிறவன எனக்குப் புடிக்காது.

அவன் வந்த அன்னிக்கு எங்க நாயி காட்டுப்பன்னி ஒண்ணப் புடிச்சிருந்துச்சு. எம் அடுப்புல பன்னிக்கறி மணக்குது. அவன் அந்தப் பக்கமே வரல, எங்க சனத்துக்கு அது ஆகாதுன்னுட்டான். மூத்தவ அடுப்புல வெறும் கீரையும் கஞ்சியும். அவ குலுக்கைக்குப் பின்னால இருந்து கறி படாத புதுச் சட்டி ஒண்ண எடுத்து, அதுல வச்சுக் குடுத்தா. அவகிட்ட வாங்கித் தின்னான். ஊரு வந்து மோந்துட்டுப் போற எங் கொழம்பு கெடக்கு, அந்த வெறுங்கீரைய நக்கித் தின்னுட்டு, நல்லாருக்கு சேச்சின்னு அக்கா மொற வச்சுச் சொல்றான். எனக்கு எரிஞ்ச எரிச்சல்ல ஒரு ஊருக்குச் சோறு வடிச்சிருக்கலாம்.

ஞாயித்துக்கிழம அவனப் பாத்ததும் உபதேசியாருக்கு வேகம் வந்துருச்சு. தள்ளுண்ட மூத்தவ, தள்ளுண்ட மூத்தவன்னு அவன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே சொன்னாரு. அவுகளும் ஒத்துக்கிட்டாக, நாளைக்கு மந்தையில மூத்தவளுக்குத் துரும்பு குடுக்கப் போறாகன்னும் சொன்னாரு. மூத்தவ பெண்டுக பக்கத்துல ஒக்காந்து பாயில இருந்து ஓலைய ஒண்ணொண்ணா உருவிக்கிட்டு இருந்தா.

வெளிய வந்ததும் புளியமரத்தடியில கொச்சிக்காரன் அவுகளப் புடிச்சுக்கிட்டான். துரும்புன்னா என்னான்னு கேட்டான். அவுக சொன்னாக. எங்க சனத்துல பொண்டாட்டியத் தீத்துவிடணும்னா ஊர் கூடி நிக்கையில புருசன் ஒரு வைக்கத் துரும்பக் குடுக்கணும். அவ வாங்கணும். குடுத்தது மட்டும் பத்தாது, அவ கையில வாங்குனாத்தான் அத்துப்போச்சு. அது வரைக்கும் அடிச்சாலும் வெளிய தள்ளினாலும் அவ பொண்டாட்டிதான்.

அவன் அத ரெண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டான். அப்பறம் நேரா உபதேசியாரு முன்னால போயி ரெண்டு கையையும் விரிச்சு நீட்டுனான்.

"பாருங்க அய்யா. எங்க சனத்தோட கை இது. தெய்வம் தம்புரான் எங்கள அடிச்சு, வீட்டுக்கு வெளியில நிறுத்தி, தேசம் தேசமா ஓட்டி. எல்லாம் சரி. துரும்பு எவிடே?"

உபதேசியாரு, மகனக் கொன்னவுகளுக்குத் துரும்பு வேற வேணுமாக்கும்னாரு.

"மகனும் எங்க வீட்டுப் புள்ளதான"ன்னான் அவன். கத்தல. "எரிச்சக்காரச் சாமின்னு நீங்களே பறையுறீங்க. தள்ளிப் போட்டவ மேல எவனுக்கு எரிச்சல் வரும்? தெருவுல போறவ எவங்கூடப் போனா எனக்கென்ன? தனக்குன்னு உடம்படி செஞ்சவ மேலதான் எரிச்சல். இன்னும் எரியுதுன்னா, இன்னும் அவ பொண்டாட்டி."

உடம்படின்னா என்னான்னு பக்கத்துல ஒருத்தி கேட்டா. வெத்தல மாத்துறோம்ல, அதுன்னு மூத்தவ சொன்னா. அத்தன நாளைக்கு அப்பறம் அவ பேசுனது அந்த ஒண்ணுதான்.

எனக்குப் பொறுக்கல. எங் குடும்பத்துல மண்ணள்ளிப் போட எங்கயோ கெடந்து வந்திருக்கான். குறுக்க போயி நின்னேன். அப்பப் புறசாதி நாங்க யாருய்யா, வழியில போனவளுகளான்னு கேட்டேன். இல்லம்மா, எளையவ, அவளுக்கு வச்ச அதே வெத்தலைக்குள்ள சேத்துக்கிட்டவ, ஒம் மேலயும் அதே பிரியம், அதே எரிச்சல்ன்னான். சாமி எதுக்கு எங்களக் கொண்டாந்தாருன்னேன். அவனுக்கு நெசத்த மறைக்கத் தெரியல. ஒம் மேல பிரியப்பட்டும்தான், ஒன்னையப் பாத்து மூத்தவளுக்கு வயிறெரிஞ்சு அவ திரும்பி வீட்டுக்கு வரணும்னும்தான்னான்.

"மூத்தவ வயிறெரியத்தான் நானா? அத நான் தெனமும் சும்மாவே செய்யுறேனே, அதுக்குச் சாமி எதுக்கு?"ன்னேன். சனம் சிரிச்சிச்சு. அவனும் சிரிச்சான். சிரிச்சுட்டு எனக்கு மட்டும் கேக்குற மாதிரி ஒண்ணு சொன்னான்.

"மூத்தவளுக்குத் துரும்பு குடுத்துப் பழகுன கை, எளையவளுக்குக் குடுக்கக் கூசுமா? அவ நிக்கிறாளே, அதுதான் ஒனக்கு ஜாமீன்."

ஒன் நாக்குல புத்து வைக்கன்னு வஞ்சுட்டு வந்துட்டேன். வந்து சோறு போட்டு ஒக்காந்தா எறங்கல. தொண்டையில கெளுத்தி முள்ளு நின்னா எப்படி, விழுங்குனாலும் குத்துது, காறுனாலும் குத்துது. அவுக மொகத்தப் பாத்தேன். நல்ல மனுசன். இன்னிக்கு உபதேசியாரு சொல்லி அவளுக்கு. நாளைக்கு இன்னொரு உபதேசியாரு வந்து, கருப்பா இருக்குறவ ஆகாது, வாயாடி ஆகாதுன்னா? இந்த ஊருல என்னைய விட வாயாடி எவ இருக்கா?

மறுநாள் காலையில மந்தை. வேப்பமரத்தடியில நாட்டாம, ஊருப் பெரியாளுக, ஒரு ஓரமாக் கொடயோட உபதேசியாரு. மூட ஏத்துன வண்டி ரெடியா நிக்குது, கொச்சிக்காரன் வண்டிக் கால் பக்கத்துல நிக்கிறான். மூத்தவ குளிச்சு, அவ கல்யாணத்துக் கண்டாங்கியக் கட்டி, துணி மூட்டைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்தா. நேரா எங்கிட்ட வந்தா. குலுக்கைச் சாவிய அவுத்து எங் கால்கிட்டப் போட்டா. இந்தான்னு கூடச் சொல்லல.

அத எடுக்கணும்னு எத்தன நாளு கனவு கண்டிருக்கேன். அன்னிக்குக் குனியவே இடுப்பு மடங்கல.

அவுக வண்டியில இருந்த வைக்கல்ல ஒரு துரும்ப உருவுனாக. கண்ணுல தண்ணி. நாட்டாம, வாங்குறியாத்தான்னு கேட்டாரு. அவ அழுது பொரளுவா, மாட்டேம்பா, பேச்சு இழுத்துக்கிட்டுப் போகும்னுதான் எல்லாரும் நெனச்சோம். அவ ரோசக்காரி. மூட்டைய எறக்கி வச்சா, முந்தானைய இழுத்துச் சொருகுனா, உள்ளங்கைய நீட்டுனா. "குடுங்க"ன்னா. வேண்டாத எடத்துல நிக்கிறவ நான் இல்லங்குற மாதிரி மூஞ்சி.

துரும்பு அவ கையில படுறதுக்குள்ள நான் பாஞ்சு புடுங்கிட்டேன்.

அவ மேல பாசமா? தூ. இத நல்லாக் கேட்டுக்க. அந்த முள்ளு குத்துன குத்துல கை தானாப் போச்சு. புடுங்கிட்டு நிக்கிறேன். அப்பறம் நாட்டாம மெதுவாத் தொண்டையச் செருமுனாரு. துரும்பு எவ கையில இருக்கோ அவதான அத்துப்போனவ, நம்ம பழக்கம் அதான, அப்ப எளையவள்ல அத்துப்போறான்னாரு.

எல்லாரும் எங் கையப் பாத்தாக. பெறகு மந்தையே சிரிச்சுச்சு. நான் துரும்பக் கீழ போடவா, வச்சிக்கிறவான்னு தெரியாம நிக்கிறேன். கோடி வீட்டுக்காரி மாமியா வாயத் தொறந்தது அப்பத்தான். இதுல உபதேசியாரு முன்னால வந்து, அதுவும் நல்லதுக்குத்தான், பாக்கப் போனா மொதத்தாரந்தான் மொறையான பொண்டாட்டி, சபைக்கு மேல இருக்குற வெள்ளக்காரத் துரையும் அதத்தான் சொல்வாருன்னாரு. நேத்து வரைக்கும் காய்க்காதவளத் தள்ளுன மனுசன். காத்து எந்தப் பக்கமோ கொட அந்தப் பக்கம்.

எல்லாரும் மூத்தவளப் பாத்தாக. அவ "ஆமா"ன்னு ஒரு வார்த்த சொன்னா நான் புள்ளைகளக் கையில புடிச்சுக்கிட்டு மயிலாடும்பாறைக்கு நடக்கணும். அவ என்னையப் பாத்தா. பொண்ணு பாக்க வந்தன்னிக்குப் பாத்த அதே பார்வ. அவசரமே படல. மொதல்ல குனிஞ்சு எங் கால்கிட்டக் கெடந்த சாவிய எடுத்தா. தூசியத் தட்டுனா. இடுப்புல முடிஞ்சா. முடிஞ்சு ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்துட்டுத்தான் பேசுனா.

"குடுத்து வாங்குனாத்தான் துரும்பு. இவ வாங்கல, புடுங்குனா. கேட்டு வாங்குற பழக்கம் இவளுக்கு என்னிக்கு இருந்துச்சு? எங் குலுக்கையக் கேளுங்க, சொல்லும்."

சனம் இன்னும் சிரிச்சிச்சு. அவ சிரிக்கல.

"இவள வெத்தல வச்சு இந்த வீட்டுக்குக் கொண்டாந்தவ நானு. எவனும் எவளும் எனக்கு அந்த வெத்தலையத் திருப்பித் தரல. நான் நிக்கிற வரைக்கும் இவளும் நிப்பா. நின்னு எங் கையால வாங்கிக் கட்டிக்கிருவா."

இந்தப் பேச்சுல எவனும் எங் கையப் பாக்கல. நாட்டாம வீட்டு ஆட்டுக்கெடா வந்து எந் தொடையில இடிச்சுது. குனிஞ்சு பாக்குறதுக்குள்ள துரும்பு அது வாய்க்குள்ள. அசை போட்டுக்கிட்டே எங்க எல்லாரையும் பாக்குது. இதான்டி நடந்தது. குடுத்தேனாம், குடுத்தேன்.

உபதேசியாரு, வைக்கலுக்கா பஞ்சம், இன்னொரு துரும்ப உருவுப்பான்னாரு. எந்தப் பொண்டாட்டின்னாலும் ஒருத்தி போகணும், இல்லாட்டித் தண்ணி கெடையாதுன்னாரு. அவுக வண்டிப் பக்கம் திரும்பிப் பாத்தாக. வைக்கலப் பாத்தாகளா, கொச்சிக்காரனப் பாத்தாகளான்னு தெரியல. அப்பிடியே தரையில குந்திட்டாக. எம் புருசன் அத்தன பேரு முன்னால பேசி நான் கேட்டது அன்னிக்கு ஒருக்காத்தான்.

"ஒங்க சாமி மூத்த சனத்துக்குத் துரும்பு குடுத்ததக் காமிங்கய்யா. அவரு குடுத்திருந்தா நானும் குடுக்குறேன். அவரு குடுக்கலன்னா, அவரவிடப் பெரியாளா நானு?"

உபதேசியாரு வெயிலே இல்லாத நேரத்துல கொடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. கொச்சிக்காரன் தொப்பியக் கழட்டிக் கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் கை என்னமோ துரும்பில்லாம வெறுங்கையாத்தான் இருந்துச்சு, அத நான் பாத்தேன். எனக்கு வந்த கோவத்த யாருமேலயாச்சும் காட்டணும்ல. "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? இன்னிக்குத் திங்கக்கிழம. சனிக்கிழம வரைக்கும் ஒனக்கு வேல இருக்கு, ஏறுய்யா வண்டியில"ன்னேன். சரி சேச்சின்னு ஏறிக்கிட்டான். மூத்தவளுக்குச் சொன்ன அதே சேச்சி. அதுக்கும் வஞ்சேன்.

அதுக்கப்பறம் அவுகளுக்குத் தண்ணி கெடைக்கல. ஆனாப் போறத நிறுத்தல. ஞாயித்துக்கிழம கொட்டக வாசப்படியில ஒக்காந்து தலைய மட்டும் உள்ள நீட்டிக் கேப்பாக. ஏலக்காச் சமயத்துல கொச்சிக்காரன் வந்தா அவனும் அதே படியில பக்கத்துல ஒக்காந்துக்கிருவான். உள்ள சேக்காத ரெண்டு பேரும் உள்ள இருக்குறவுகள விடச் சத்தமாப் பாடுவாக. எங்க ரெண்டு பேரையும் உபதேசியாரு உள்ள விட்டாரு. எங்களுக்கு ஒரு புருசன்தான, அதனால எங்க மேல குத்தமில்லையாம். அந்த ஞாயத்த நெனச்சா இன்னிக்கும் சிரிப்புத்தான். பாயில அவ ஒரு கோடி, நான் ஒரு கோடி. நடுவுல மூணாவதா ஒருத்தி ஒக்காரலாம், எவளும் ஒக்காந்ததில்ல, பயம்.

எனக்குப் பிரசங்கமெல்லாம் மண்டையில நிக்காது. அந்தச் சாமி துரும்பு குடுக்குற சாமி இல்ல. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும், அம்புட்டுப் போதும். கோவம் வரும், வெளிய நிறுத்தும், வயிறெரியும். அவளுக்காகவும் எரியும், எனக்காகவும் எரியும். துரும்பு மட்டும் குடுக்காது.

மந்தை முடிஞ்ச மத்தியானமே வாய்க்கால்ல துணி தொவைக்கப் போனேன். தெருப் பொம்பளைக எல்லாம் அழுக்கே இல்லாத துணியத் தூக்கிக்கிட்டு வந்து எனக்கு முன்னாடி ஒக்காந்திருக்காளுக. கோடி வீட்டுக்காரி மாமியா கேட்டா. நல்ல நேரத்துல சனியன் தொலையப் போச்சு, கால்கிட்ட வந்த சாவியையும் விட்டுட்டு எதுக்குடி பாஞ்சு புடுங்குனன்னா. மூத்தவ அங்கிட்டு மேல்துறையில எம் புள்ளைகளோட சட்டையக் கல்லுல அடிச்சுக்கிட்டு இருக்கா, அவ காதுல விழணும்னே சத்தமாச் சொன்னேன்.

"அவ போயிட்டா நான் மூத்தவளாயிருவேன்ல? அப்பறம் எளையவ ஒருத்தி வருவா. என்னைய மாதிரி ஒருத்தி வீட்டுக்குள்ள வந்தா நான் தாங்குவேனாடி?"